முளைகட்டினால் மட்டும் போதுமா?

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி)

தருமபுரிச் சீமையில் பிறந்தவர்களுக்குக் கேழ்வரகைப் பற்றி எவரும் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. களியாக உருட்டியும் கூழாகக் கரைத்தும் அதையே உண்டு வளர்ந்தவர்கள் நம் பாட்டனும் பாட்டியும். அரிசிச் சோறு எங்கும் பரவியபின், ராகி தின்பது ஏழ்மையின் அடையாளமாயிற்று. நம் விடுதியில் களி போட்ட நாளில் முகம் சுளித்தவர்களை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். இப்போதோ காற்று திசைமாறி வீசுகிறது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும், நகரத்துக் கடைகளெல்லாம் கேழ்வரகைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டன. 'முளைகட்டிய ராகி மாவு', 'ராகி மால்ட்' என்று வண்ணவண்ண உறைகளில் எழுதி விற்கிறார்கள். வீட்டிலும் தாய்மார்கள் துணியில் தானியத்தை மூட்டை கட்டித் தொங்கவிடுகிறார்கள். மகிழ்ச்சிதான், நம் மண்ணின் தானியத்துக்கு மதிப்பு வந்தால் நமக்குக் கசக்குமா?

ஆனால் வேதியியல் படிக்கிற ஒருத்தி என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. முளைகட்டிய மாவு என்று சொல்கிறோமே, அந்த மாவுக்குள் முளையின் ஆற்றல் உயிரோடு இருக்கிறதா? பல வீடுகளிலும் பல கடைகளிலும் அது செத்துப்போய்த்தான் இருக்கிறது என்பது என் கருத்து. முளைகட்டுவது பாதி வேலை. அதுவும் எளிய பாதி. தண்ணீரும் துணியும் இருந்தால் தானியம் தானே முளைத்துவிடும். மீதிப் பாதி, காயவைப்பதிலும் அரைப்பதிலும் கஞ்சி காய்ச்சுவதிலும் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முளைக்குள் நடப்பது என்ன?

விதை என்பது தாய்ச்செடி தன் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. அந்தச் சோறு மாவுச்சத்தாக இறுகிக் கிடக்கிறது. முளைக்கத் தொடங்கும் கரு அதை அப்படியே உண்ண முடியாது. ஆகவே விதைக்குள் நொதிகள் உண்டாகின்றன. அவற்றுள் அமிலேசு என்பது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டித் துண்டாக்குகிறது. துண்டுகள் மேலும் உடைந்து மால்டோசு முதலிய சர்க்கரைகளாகின்றன. முளைத்த தானியத்தை வாயிலிட்டு மென்றால் இனிப்பது இதனால்தான். 1833இல் பயான், பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலார் இருவர் முளைத்த பார்லியின் சாற்றிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்து, 'டயஸ்டேசு' என்று பெயரிட்டார்கள். நொதிகளின் பெயர்களெல்லாம் 'ஏசு' என்று முடிவதாக நாம் மனப்பாடம் செய்கிறோமே, அந்த வால் இந்தப் பெயரிலிருந்து வந்ததுதான்.

இப்படி நொதி சுரந்து, ஆனால் சேமித்த மாவையெல்லாம் கரு தின்று தீர்ப்பதற்கு முன்பாக, தானியத்தைக் காயவைத்து வளர்ச்சியை நிறுத்திவிட்டால் அதற்குப் பெயர் மால்ட். நொதியைக் கொன்றுவிட்டால் மிஞ்சுவது சற்றே இனிப்பான சாதாரண மாவு. நியாயமாகச் சொல்வதானால், அப்போதும் சில நன்மைகள் இருக்கும். இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் பைட்டேட்டு முளைகட்டும்போது குறைகிறது. பின்னால் வறுத்தாலும் அந்தப் பயன் போய்விடாது. ஆனால் மால்ட் என்ற பெயருக்குரிய வேலையை அந்த மாவு செய்யாது.

மால்ட் என்றதும் சில நண்பர்களுக்கு வேறு நினைவு வரக்கூடும். பீர் காய்ச்சுகிறவர்கள் மால்ட்டை உடைத்து வெந்நீரில் கலந்து, ஏறத்தாழ 65 டிகிரி சூட்டில் வைத்திருந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வது உண்மைதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் நம் கேழ்வரகையே முளைகட்டி உள்ளூர் மதுவுக்குப் பயன்படுத்துகிறார்கள். அங்கே மதுப்பானைக்குப் போகிற அதே முளைமாவு இங்கே பச்சைப்பிள்ளையின் கிண்ணத்துக்கு வருகிறது. இரண்டிலும் வேதியியல் ஒன்றே.

பிள்ளையின் வயிறு எவ்வளவு?

இந்த நொதி செத்தால் என்ன, இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு துணையுணவும் வேண்டும். குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 30 மில்லி என்ற அளவில்தான் கொள்ளும். எட்டுக் கிலோ குழந்தைக்கு 240 மில்லி; ஒரு பெரிய டம்ளர், அவ்வளவே. சாதாரணக் கேழ்வரகு மாவை நூறு மில்லி நீருக்குப் பத்துக் கிராம் போட்டுக் காய்ச்சினாலே கரண்டியில் நிற்கும். இருபது கிராம் போட்டால் கஞ்சியாக இராது, களியாகிவிடும். ஆகவே தாய் என்ன செய்கிறாள்? நீரை ஊற்றுகிறாள். டம்ளர் நிறைகிறது, பிள்ளையின் வயிறும் நிறைகிறது. உள்ளே போனது என்னவோ 24 கிராம் மாவு. அதிலிருந்து கிடைப்பது 80 கலோரிகூட இல்லை.

என் அக்கா மகனுக்கு ஏழாம் மாதத்தில் இதுதான் நடந்தது. கெட்டியாகக் கொடுத்தால் நாக்கால் தள்ளினான். நீர்க்கக் கொடுத்தால் குடித்தான், ஆனால் எடை ஏறவில்லை. "முளைகட்டினது, சத்தானது, கடையில வாங்கினது" என்று அக்கா அந்த மாவுப் பொட்டலத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தின்மேல் தளதளவென்று ஒரு குழந்தையின் படம் வேறு!

உயிருள்ள முளைமாவின் வேலை இங்கேதான். கெட்டிக் கஞ்சியில் அது சேர்ந்தால், மாவுச்சத்தின் சங்கிலிகள் அறுபட்டுக் கஞ்சி இளகிவிடுகிறது. நீர் சேர்க்காமலேயே இளகுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு மில்லிக்கு இருபது கிராம் மாவு இருந்தும் பிள்ளை குடிக்கும் பதத்தில் கஞ்சி கிடைக்கும். அதே டம்ளர், அதே வயிறு. கலோரி மட்டும் இரண்டு மடங்கு.

இது என் கண்டுபிடிப்பு அன்று. 1980களின் தொடக்கத்திலேயே மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேசி, தேசிகாச்சார் ஆகியோர் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயற்றையும் கொண்டு, கெட்டிப்படாத குழந்தையுணவு ஒன்றை வகுத்தார்கள். பரோடாவில் தாரா கோபால்தாசு இதே வழியில் ஆராய்ச்சி செய்து, எந்தத் தானியக் கஞ்சியையும் சிறிதளவு முளைமாவால் இளக்கலாம் என்று காட்டினார். இன்னும் பின்னோக்கிப் போனால் நமக்கு மிகவும் பழக்கமான ஒருவர் எதிர்ப்படுகிறார். ஆய்வுக்கூடத்தில் 'லீபிக் கண்டென்சரை'க் கழுவிக் கழுவிக் கை சலித்தவர்கள் நாம். அந்தப் பெயருக்குரிய யூஸ்டஸ் வான் லீபிக், தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்காக 1865இல் ஒரு கஞ்சியை வெளியிட்டார். கோதுமை மாவு, பசும்பால், மால்ட் மாவு, சிறிது பொட்டாசியம் பைகார்பனேட்டு – இவையே அதன் பொருள்கள். அது தாய்ப்பாலுக்கு ஈடாகிவிடவில்லை என்பது வேறு கதை. ஆயினும் மால்ட்டைக் கொண்டு மாவை இளக்கலாம் என்று அந்தப் பெரிய வேதியியலார் கண்ட வழி இன்றும் சரியே.

ஈரச் சூடும் உலர்ந்த சூடும்

இனி, காயவைக்கும் கதைக்கு வருவோம். கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டிவைத்தால் நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை தலைகாட்டும். அப்போது தானியத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாமல் நீர் இருக்கும். பூஞ்சை பிடிக்காமல் வைத்திருக்க வேண்டுமானால் அது பன்னிரண்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இந்த இறக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இது. முளைத்ததை அரைநாள் நிழலில் பரப்புவார்கள். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உடனே இரும்பு வாணலியை அடுப்பில் ஏற்றிப் 'பச்சை வாசனை போகட்டும்' என்று படபடவெனப் பொரியும்வரை வறுப்பார்கள். வேலை முடிந்தது, நொதியின் கதையும் முடிந்தது. ஈரத்தில் இருக்கும் நொதி முட்டையின் வெண்கருவைப் போன்றது; சூடு பட்டால் உருக்குலைந்துவிடும். ஆனால் நீர் வற்றியபின் அதே நொதி மிகுந்த சூட்டைத் தாங்கும். ஐரோப்பாவில் பார்லி மால்ட் செய்கிறவர்கள் இந்த இரகசியத்தை நன்கு அறிவார்கள். முதலில் 50, 60 டிகிரி அளவான காற்றை ஓடவிட்டு ஈரத்தை ஓட்டுவார்கள். தானியம் நன்றாக உலர்ந்த பிறகுதான் 80 டிகிரிக்கு மேல் ஏற்றி மணம் உண்டாக்குவார்கள். வரிசையை மாற்றினால் மால்ட் இல்லை. கேழ்வரகுக்கும் முதலில் உலர்த்தி, பிறகு 70 டிகிரி அளவில் இளஞ்சூடு காட்டுவதே முறை.

சொல்வதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தேன். ஒரே நாளில் ஒரே மூட்டையில் முளைத்த கேழ்வரகை மூன்றாகப் பிரித்தேன். முதல் பங்கை மொட்டைமாடியில் இரண்டு நாள் முழு வெயிலில் காயவைத்ததோடு விட்டேன். இரண்டாவதை அதேபோல் காயவைத்தபின் மெல்லிய தீயில் கை பொறுக்கும் சூட்டில் புரட்டினேன். மூன்றாவதை ஊர் வழக்கப்படி அரை ஈரத்தோடு வறுத்தேன். அக்காவின் பொட்டலம் நான்காவது. நான்கு குவளைகளில் ஒரே அளவு கெட்டிக் கஞ்சி எடுத்து, நீர்த்தொட்டியில் 65 டிகிரியில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி மாவு கலந்தேன். முதல் குவளையில் கண்ணாடிக்கோல் சில நிமிடங்களிலேயே தண்ணீரில் ஓடுவதுபோல் ஓடியது. இரண்டாவது சற்றுத் தாமதித்து இளகியது. மூன்றாவதும் நான்காவதும் கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றன. அரைமணி நேரம் ஆகியும் அசையவில்லை. ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்து நீர்க்கக் கரைத்து, ஆறவைத்து, அயோடின் சொட்டினேன். (சூடாக இருக்கும்போது நீலம் தோன்றாது, அவசரப்பட்டால் முடிவு பொய்யாகும்.) பின்னிரண்டும் மையைப் போலக் கருநீலமாயின. முதலாவது செவ்வூதா நிறமே காட்டியது. என் பாட்டி இந்த வண்ண வேடிக்கையையெல்லாம் பொருட்படுத்தவில்லை. முதல் குவளையில் விரலை விட்டு நக்கி, "இதுதாண்டி மாவு" என்றாள்.

ஆகவே காயவைப்பதில் அவசரம் கூடாது. அளவுகடந்த நிதானமும் கூடாது. முளைத்த தானியத்தைக் குவித்துவைத்தால் அது மூச்சுவிட்டுத் தானே சூடேறிப் புளித்துப்போகும். மெல்லிய அடுக்காக, சுத்தமான வெள்ளைத் துணியில் பரப்பி, நாளுக்கு நான்கைந்து முறை புரட்ட வேண்டும். இரவில் பனியில் விடாமல் உள்ளே எடுத்துப் பரப்பி வைக்க வேண்டும். தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கும் வழக்கம் இதற்கு ஆகவே ஆகாது. லாரிச் சக்கரத்தின் மண்ணைப் பிள்ளைக்குக் கொடுக்கவா முளைகட்டினோம்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முளைகட்டாமல் இருப்பதே நல்லது. மூன்று நாள் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் விடும் நஞ்சு கஞ்சி கொதித்தாலும் அழியாது. என் பாட்டி தை பிறந்தபின்தான் மூட்டை கட்டுவாள். காரணம் கேட்டால், "வெயில் வேணும்ல" என்ற ஒரு சொல்லோடு சரி.

காய்ந்துவிட்டதை எப்படி அறிவது? பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்கக் கூடாது, 'கடுக்' என்று உடைய வேண்டும். முளைக்காத கேழ்வரகைவிட இது எளிதாக உடையும். கல்லைக் கடிப்பதுபோல் இராது. பிறகு கோணிச் சாக்கிலிட்டுத் தேய்த்து முறத்தில் புடைத்தால் முளையும் வேரும் உதிர்ந்துவிடும். அவை மாவோடு சேர்ந்தால் கசப்புத் தட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கேழ்வரகைச் செய்வதுபோலவே சோளத்தையும் முளைகட்டலாமே என்று சிலர் கிளம்புகிறார்கள். இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்தால் செத்துவிழும் என்பதை நம் உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவோம். பயிரிலிருந்து சயனைடு நஞ்சு விடுபடுவதுதான் காரணம். அதற்கு மூலமான டுரின் என்ற பொருள் சோளத்தின் முளையிலும் நிறைய உண்டு. ஆகவே முளையோடும் வேரோடும் சோளத்தை அரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது விளையாட்டல்ல. கேழ்வரகில் இந்தத் தொல்லை இல்லை. நம் முன்னோர் பிள்ளைக் கஞ்சிக்குச் சோளத்தை விட்டுக் கேழ்வரகைப் பிடித்துக்கொண்டது நல்லதாயிற்று.

திருகையிலிருந்து மில்லுக்கு

அரைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்ல வேண்டியது சில உண்டு. பீருக்குப் பார்லியை அரைக்கிறவர்கள் அதை மாவாக்குவதில்லை. உமி முழுதாக நிற்கும்படி உருளைகளுக்கிடையே நொறுக்கிவிடுகிறார்கள். அந்த உமியே பின்பு வடிகட்டியாகப் பயன்படுகிறது. நம் கஞ்சியில் வடிப்பது கிடையாது, எல்லாம் பிள்ளையின் வாய்க்குள் போவது. எனவே நைசாக அரைத்து, குழந்தைக்கென்றால் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ள வேண்டும். சலித்தால் மேல்தோலோடு சுண்ணாம்புச்சத்தின் ஒரு பங்கும் போய்விடும். கேழ்வரகு நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு, அதில் கணிசமானது தோலில்தான் இருக்கிறது. ஆனாலும் ஏழு மாதக் குழந்தையின் குடலுக்குத் தவிடு ஆகாது. பெரியவர்கள் சலிக்காமல் உண்ணட்டும்.

முன்பு திருகையில் அரைத்தார்கள், மாவு சூடேறாது. இப்போது மில்லில் அரைத்தால் கை வைக்க முடியாத சூட்டோடு மாவு விழுகிறது. நன்றாகக் காய்ந்த தானியமானால் அந்தச் சிறு நேரச் சூட்டில் நொதி பெரிதாகக் கெட்டுவிடாது. காயாத தானியமானால் கெடும். அதைவிடப் பெரிய தீங்கு, சூடான மாவை அப்படியே டப்பாவில் போட்டு மூடுவது. உள்ளே வியர்த்துக் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி ஆறவிட வேண்டும். மில்லில் நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளை பெற்றவர்களிடம் கேளுங்கள்! காலையில் முதல் ஆளாகப் போய், ஒரு படி சாதாரண ராகியை முன்னால் விட்டுக் கல்லைத் துடைத்துக்கொள்வதுதான் நம் ஊர்ப் பெண்களின் தந்திரம்.

இன்னொன்று. முளைதானியத்தை மொத்தமாக அரைத்து வைத்துக்கொள்ளாமல், தானியமாகவே வைத்திருந்து, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பதே சிறந்தது. கேழ்வரகில் கொழுப்புக் குறைவு என்பதால் மாவு சில வாரம் தாங்கும். கம்பில் கொழுப்பு அதிகம். அதன் மாவு சில நாளிலேயே கசந்துவிடும். இருபது தானியம் கலந்த சத்துமாவை ஆறு மாதத்துக்கு அரைத்து அடுக்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுப்பின்மேல் கடைசிச் சோதனை

இவ்வளவு பாடுபட்டுக் காத்த நொதியை அடுப்பில் ஒரே நொடியில் கொன்றுவிடலாம். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினால் போதும்! முளைமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே சூடேற்ற வேண்டும். கேழ்வரகின் மாவுச்சத்து 65 டிகிரியை ஒட்டி வெந்து இளகத் தொடங்குகிறது. அமிலேசோ 75 டிகிரியைத் தாண்டினால் விரைவில் அழிந்துவிடும். இடையில் இருப்பது ஒரு குறுகிய வாசல். விரல் நுனியை ஒரு நொடிக்குமேல் வைக்க முடியாத சூட்டில் பாத்திரத்தை இறக்கி, மூடி, பத்து நிமிடம் விட்டால் அந்த வாசலில் கஞ்சி நிற்கும். மதுக்காரர்கள் வெப்பமானி வைத்துச் செய்கிற அதே வேலையை நம் பாட்டிமார் விரலை வைத்துச் செய்தார்கள். அதன்பின் கொதிக்கவிட மறக்கக் கூடாது. முளைகட்டிய ஈரத்தில் நுண்ணுயிர்களும் பெருகியிருக்கும். குழந்தைக்குக் கொதித்து ஆறியதைத்தான் கொடுக்க வேண்டும். நொதி தன் வேலையை முடித்தபின் செத்தால் நமக்கென்ன?

மணம்தானே உயிர், வறுக்காத மாவைப் பிள்ளை விரும்புமா என்று பெரியவர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. என் அம்மாவே கேட்டார்கள். இதற்கு எளிய வழி உண்டு. பெரும்பங்கு மாவை விரும்பியபடி வறுத்துக்கொள்ளுங்கள், பயறுகளையும் வறுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கு மட்டும் வறுக்காத முளைமாவாக, தனி டப்பாவில் இருக்கட்டும். வறுத்த மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, கைச்சூட்டுக்குச் சற்று மேலே ஆறியதும் முளைமாவைக் கலந்து, இளகியபின் மறுபடி ஒரு கொதி. மணமும் உண்டு, வேலையும் நடக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக முளைகட்டி, ஒன்றாக வறுத்து, ஒன்றாக அரைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். உழைப்பு பத்து மடங்கு, பயன் ஒரு பங்கு.

விற்கிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். வறுத்த ராகி மாவில் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து விற்பதில் தவறில்லை. அது ஒரு நல்ல பானம். அதற்கு மால்ட் என்று பெயர் வைப்பதுதான் தவறு. பாலில் தண்ணீர் கலந்தால் பால்மானி வைத்துப் பிடிக்கிறோம். மால்ட் என்று எழுதியிருப்பதில் நொதி உண்டா என்று பார்க்க ஒரு குவளைக் கஞ்சியே போதும்; அதைக்கூட நாம் செய்வதில்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் தரப்படும் சத்துமாவில் முளைகட்டிய கேழ்வரகு மாவும் சேர்க்கப்படுவது போற்றத்தக்கது. அதைக் கையில் கொடுக்கும்போதே கொதிநீரில் கொட்டாதே, குளிர்நீரில் கரைத்து மெல்லச் சூடேற்று என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் செலவு ஒன்றும் இல்லை. ஊர்தோறும் இப்போது மகளிர் சுயவுதவிக் குழுக்கள் இம்மாவைச் செய்து விற்கின்றன. உறையில் குழந்தைப் படம் போடும் இடத்தில், எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது, வறுத்ததா வறுக்காததா என்று அச்சிட்டால் அவர்களின் சரக்கு பெரிய கம்பெனிகளின் சரக்கைவிட மேலாக நிற்கும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஆண்டுதோறும் ஏழு நாள் கிராமத்துக்குப் போகிறோம். சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். இந்த ஆண்டு ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் வெப்பமானியும் அயோடின் புட்டியும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நம் திட்ட அலுவலரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு பகல் போதும். இரண்டு குவளைக் கஞ்சியைத் தாய்மார் முன்னால் வைத்து, ஒன்று இளகுவதையும் ஒன்று இறுகி நிற்பதையும் காட்டினால், நான் இங்கே எழுதிய பக்கங்களுக்கு வேலையே இராது.

அதற்கு முன்பாக ஓர் ஏற்பாடு. மாசி மாதம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குமேல் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நானும் என் தோழியர் இருவரும் இருப்போம்; துறைத்தலைவர் இசைவு தந்திருக்கிறார்கள். மாணவர்களோ விரிவுரையாளர்களோ, வீட்டில் செய்த முளைமாவிலோ கடையில் வாங்கியதிலோ ஒரு கைப்பிடி கொண்டுவந்தால் சோதித்துச் சொல்வோம். கொண்டுவருகிறவர்கள், அதை எப்படிக் காயவைத்தார்கள், எப்போது அரைத்தார்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி மாவோடு வைத்துக் கொண்டுவர வேண்டுகிறேன்.